அறுபது குதிரையும் எங்கே போச்சு?

கேஸ் முடிந்த மறுநாள் காலையில் நன்றி சொல்ல வரும் கட்சிக்காரரை எந்தத் துப்பறிவாளரும் ஆபீஸ் படியேற விடக் கூடாது. சும்மா இருக்க மாட்டார். வந்ததற்கு நாலு வார்த்தை பேசுவார், அந்த நாலில் ஒன்று முடிந்த கேஸைத் திரும்பத் திறந்துவிடும்.

மஞ்சள் படகுக்காரர் அப்படித்தான் வந்து நின்றார். தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ். கீழே தையல் மிஷின்கள் ஓடினால் மேலே மேஜை அதிரும். மேஜைக்கு அந்தப் பக்கம் துப்பறிவாளரான அண்ணி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உதவியாளன் அவள் கணவரின் தம்பி. அவன் நாள் பூராவும் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, படகுத்துறையில் எல்லாருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். அவனுக்குத் துறை வைத்த பெயர் லொடலொட. ஏன் என்று ஒரு நிமிஷம் அவன் பக்கத்தில் நின்றவர்கள் கேட்க மாட்டார்கள்.

“உக்காருங்க,” என்றான் லொடலொட. “நன்றி சொல்ல வந்த முகமா இது? பல்லு பிடுங்க வந்தவர் மாதிரி இருக்கீங்க.”

“தலைவலிப்பா. அந்த எஞ்சின் என்னமாக் கத்துது தெரியுமா? அறுபது ஹெச்.பி.ன்னு சொல்லி நாற்பதைத் தலையில கட்டினதும் இல்லாம, என் காதையும் சேர்த்துக் கெடுத்துட்டான் அந்த மெக்கானிக்.”

டீ கிளாஸ் அண்ணியின் வாய் வரைக்கும் வந்து நின்றது.

“கத்துதா? முனகலையா?”

“கத்துது அண்ணி. காதைக் கிழிக்குது. ஆனா படகு நகர மாட்டேங்குது.”

அண்ணி கிளாஸைக் கீழே வைத்தாள்.

விஷயம் இதுதான். மஞ்சள் படகுக்காரர் அக்கரைக்கு ஆள் ஏற்றுபவர். நாற்பது ஹெச்.பி., அதாவது நாற்பது குதிரை சக்தியுள்ள எஞ்சின் போதவில்லை என்று மெக்கானிக்கிடம் சொல்லி, கைமாறி வந்த அறுபது ஹெச்.பி.யாக மாற்றிக்கொண்டார். மாற்றிய புதிதில் படகு பறந்தது. பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். திடீரென்று ஒரு காலை, படகு படுத்துவிட்டது. நல்ல எஞ்சினைக் கழற்றிக்கொண்டு மெக்கானிக் ஏதோ ஓட்டை எஞ்சினை மாட்டிவிட்டான் என்று சந்தேகப்பட்டு, நேராக அண்ணியிடம் வந்தார்.

நேற்று அண்ணி துறைக்குப் போனாள். எஞ்சின் பழசு, மேல்மூடி மட்டும் பளபளவென்று புதுசு. அவ்வளவுதான் அவள் பார்த்தது. சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டம் சேர்ந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் வாய் நீளும், அதை மறைப்பானேன். “உள்ளே நாற்பது, வெளியே அறுபதுன்னு எழுதின மூடி” என்று போட்டாள் ஒரு போடு. மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீங்க பேச வேண்டாம், மூடியே பேசுது” என்றாள். துறையே கைதட்டியது. மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் அண்ணி அந்த வசனத்தைத் தனக்குள்ளே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவ்வளவு பிடித்திருந்தது.

“என்ன அண்ணி, முகம் இப்படி ஆயிடுச்சு?” என்றான் லொடலொட.

“சின்ன எஞ்சின் மேல பாரத்தை ஏத்தினா அது மூச்சு வாங்கும். முனகும். கத்தாது. கத்துதுன்னா பலம் நிறைய இருக்கு, ஆனா தண்ணியில பிடிமானம் இல்லைன்னு அர்த்தம்.”

“நேத்து கத்தினதை நீங்க கேக்கலையா?”

“நான் படகுல ஏறவே இல்லையே தம்பி. கரையில நின்னு பேசினேன்.”

அண்ணி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள், படகுக்காரர் முன்னால் இறங்கி நடந்தார்.

துறைக்குப் போகும் வழி மெக்கானிக்கின் பட்டறை வழியாகத்தான். வேறு வழி இருந்தால் அண்ணி அதில் போயிருப்பாள். பட்டறை வாசலில் ஒரு தள்ளுவண்டி. இரண்டு படகுக்காரர்கள் தங்கள் எஞ்சினைத் தாங்களே தூக்கி அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதி பிரித்த எஞ்சின், உதிரியெல்லாம் ஒரு வாளியில் கிடந்தது. “மூடியை நல்லாப் பாத்துக்கோ, மாத்தியிருக்கப் போறான்” என்றான் ஒருவன். மற்றவன் சிரித்தான். அண்ணியைப் பார்த்ததும் இருவரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

“என்ன அண்ணி, குதிரை காணாமப் போன கேஸ்ல குதிரைக்காரனை மட்டும் பிடிச்சோமே, குதிரை எங்கேன்னு கேட்டோமா?” என்றான் லொடலொட, அவளைச் சிரிக்க வைக்க. “அறுபது குதிரை. ஒண்ணு ரெண்டு இல்ல.”

“பேசாம வா.”

“எங்க அண்ணன் படகைப் பார்த்தாலும் பாவமா இருக்கு. ரெண்டு நாளா முக்கி முனகிட்டுத்தான் போகுது. நேத்து ஒருத்தர் ஏறாம நின்னாரு. ஏன் சார்னு கேட்டா, அவசரமாப் போகணும், நீந்திக்கறேங்கறாரு.”

அண்ணிக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் கணவரும் இதே துறையில் நீலப் படகு ஓட்டுபவர்தான். எஞ்சின் சோர்ந்துபோய்விட்டது என்று அவர் வீட்டில் புலம்பியதையும் அவள் காதில் வாங்காமல் விட்டிருந்தாள்.

மஞ்சள் படகு கடைசியில் கட்டியிருந்தது. படகுக்காரர் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கடைப்பக்கம் போனார். அண்ணி எஞ்சினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். எஞ்சினைப் படகோடு பிடித்திருக்கும் இரும்புக் கொக்கியின் பக்கவாட்டில் விரல் அகலத் தகடு ஒன்று இருந்தது. அதன் மேல் கறுப்பாகக் கிரீஸ். முந்தானையின் நுனியால் ஒரு இழுப்பு இழுத்தாள்.

தகட்டில் எஞ்சின் எண்ணும், அதன் கீழே அறுபது ஹெச்.பி. என்றும் பொறித்திருந்தது.

“நேத்து ஒரு துணி எடுத்துத் துடைச்சிருந்தாப் போதும்,” என்றாள் அண்ணி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. “மூடி உடைஞ்சிருக்கும். அந்த மனுஷன் மூடியை மட்டும் புதுசா வாங்கிப் போட்டிருக்கார். அதைத்தான் சொல்ல வந்தார்.”

“அப்ப எஞ்சின் நல்ல எஞ்சின். படகு ஏன் போகலை?”

“எஞ்சினைத் தண்ணிக்கு மேல தூக்கு.”

லொடலொட எஞ்சினைப் பின்பக்கமாகச் சாய்த்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட, படகைத் தள்ளும் புரொப்பல்லர் மேலே வந்தது. ஓரமெல்லாம் பல் விழுந்த பழைய இறக்கை. பெரிய எஞ்சினுக்கு மெக்கானிக் புதுப் புரொப்பல்லர் போட்டிருப்பார், இதைப் போட்டிருக்க மாட்டார். அண்ணி ஒரு கையால் நட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இறக்கையைத் திருகினாள். நட்டு அசையவில்லை, இறக்கை மட்டும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. நடுவில் இருக்கும் ரப்பர் தேய்ந்து செத்துப்போயிருந்தது.

“பாத்தியா? சின்ன எஞ்சின்ல இந்த ரப்பர் பிடிக்கும். அறுபது ஹெச்.பி. முறுக்கினா தேய்ஞ்சு வழுக்கிடும். எஞ்சின் உள்ளே சுத்தும், இறக்கை சும்மா நிக்கும். அதான் கத்தல்.”

“அப்ப யாரோ நல்ல புரொப்பல்லரைச் சுட்டுட்டு, தன்னோட ஓட்டையை இங்க மாட்டியிருக்கான்,” என்றான் லொடலொட. கேஸ் திரும்பக் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு. “அண்ணி, இப்ப சுலபம். துறையில எந்தப் படகுல புதுப் புரொப்பல்லர் இருக்கோ அவன்தான் ஆளு. அதுவும் அந்த ஆள் மகா முட்டாள். பெரிய எஞ்சினோட இறக்கையைச் சின்ன எஞ்சின்ல மாட்டினா இழுக்க முடியாம முக்கி முன...”

அவன் வாய் அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து அந்த வாய் பாதி வார்த்தையில் நின்றதே கிடையாது.

அண்ணி அவனைக் கவனிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது நட்டை. நட்டு கழன்று போகாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு இரும்புப் பின்னைச் செருகி, அதன் கால்களை மடக்கி விடுவார்கள். கழற்றினால் அந்தப் பின் உடையும், புதுசு போட வேண்டும். மாற்றியவனிடம் புதுசு இல்லை போலிருக்கிறது. குறுக்கே செருகியிருந்தது ஒரு கொண்டை ஊசி. கறுப்பு இரும்பு ஊசி. ஒரு காலின் நுனியில் குட்டியாக ஒரு கொக்கி.

எந்தக் கடையிலும் கொண்டை ஊசிக்குக் கொக்கி வைத்து விற்பதில்லை. பூட்டு திறக்க, மேஜை டிராயர் திறக்க, அண்ணிக்கு அந்தக் கொக்கி வேண்டும். அவளுடைய ஊசிகளுக்கெல்லாம் குறடு வைத்து அப்படி வளைத்துக் கொடுப்பது அவள் கணவர். அவருடைய படகு டூல்ஸ் பெட்டியில் எப்போதும் நாலைந்து கிடக்கும்.

அவள் ஊசியை உருவி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். கரையில் மஞ்சள் படகுக்காரர் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணி,” என்றான் லொடலொட, மெதுவாக. “இங்க தண்ணி நல்ல ஆழம்.”

“ம்.”

“ஊசி சின்னது.”

சத்தியமாகச் சொன்னால், அவள் கை படகின் விளிம்பைத் தாண்டி வெளியே போனது. ஆள் தெரியாத திருடன் என்று சொல்லிவிடலாம். மெக்கானிக் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடலாம். வீட்டு மானமும் போகாது. எவ்வளவு சுலபமாக எல்லாம் பொருந்துகிறது என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில், நேற்றும் எல்லாம் இதே மாதிரி சுலபமாகத்தான் பொருந்தியது என்பது ஞாபகம் வந்தது. கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“வா, உங்க அண்ணனைப் பாக்கலாம்.”

நீலப் படகு துறையின் மறு கோடியில் ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவள் கணவர் ஸீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவியும் தம்பியும் சேர்ந்து வருவதைப் பார்த்தார். தம்பி பேசாமல் வருவதைப் பார்த்தார். துடைத்த துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி எதுவும் கேட்கவில்லை. உள்ளங்கையைத் திறந்து காட்டினாள்.

“ஒரு நாள் போட்டுப் பாத்துட்டு மாத்திடலாம்னுதான் எடுத்தேன்,” என்றார் அவர். “முந்தாநாள் ராத்திரி, எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம்.”

“எதுக்குங்க?”

“தினம் என் பக்கத்துலேயே பறந்து போறான். என் படகுல உக்காந்திருக்கறவங்களே அவனுக்குக் கை காட்டறாங்க. உங்க படகுக்கு வயசாயிடுச்சான்னு கேக்கறாங்க. உன்கிட்ட பெரிய எஞ்சின் போடலாமான்னு கேட்டேன். இருக்கற வேகம் போதும்னு சொன்னே.”

“சொன்னேன்.”

“புரொப்பல்லர்லதான் வேகம் இருக்குன்னு நினைச்சேன். மாட்டினதும் என் எஞ்சின் முக்க ஆரம்பிச்சுது. திருப்பி மாட்டறதுக்குள்ள அவன் உன்கிட்ட வந்துட்டான்.”

“நேத்து கூட்டத்துல நீங்களும் இருந்தீங்க.”

“இருந்தேன்.”

“நான் பேசினப்ப சொல்லியிருக்கலாமே. ஒரு ஜாடை காட்டியிருந்தாக்கூட நிறுத்தியிருப்பேனே.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “அவ்வளவு பேர் கைதட்டறாங்க. உன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். என்னால வாயைத் திறக்க முடியலை.”

அது சாக்கா, நிஜமா, அவளுக்குத் தெரியவில்லை. சாக்காக இருந்தால் அவரைத் திட்டலாம். நிஜமாக இருந்தால் யாரைத் திட்டுவது? அவளுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“நானே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்,” என்றார் அவர்.

“அந்த மனுஷனைத் திருடன்னு சொன்னது நான். அது தப்புன்னும் நான்தான் சொல்லணும். நீங்க மஞ்சள் படகுக்காரரோட புரொப்பல்லரைக் கழட்டி அவர் படகுல மாட்டுங்க. பட்டப்பகல்ல, எல்லார் கண்ணு முன்னாடியும் மாட்டுங்க. அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்குங்க.”

அவர் எழுந்து டூல்ஸ் பெட்டியைத் திறந்தார். லொடலொட அண்ணனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அண்ணி பின்னால் நடந்தான்.

பட்டறையில் ஒரு எஞ்சின்கூட மிச்சமில்லை. எஞ்சின் மாட்டி வைக்கும் மரச்சட்டங்கள் மட்டும் வரிசையாக நின்றன. தரையில் ஒவ்வொரு எஞ்சின் இருந்த இடத்திலும் வட்டமாக எண்ணெய்க் கறை. மெக்கானிக் ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி உள்வாசலில் நின்றாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

அண்ணி உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தகட்டைச் சொன்னாள், ரப்பரைச் சொன்னாள், ஊசியைச் சொன்னாள். ஊசி யாருடையது என்பதையும் சொல்லி முடித்தாள்.

“தெரியும் மேடம்,” என்றார் மெக்கானிக்.

“எது?”

“உங்க வீட்டுக்காரர்தான் எடுத்தார்னு தெரியும். நேத்து காலையில நீலப் படகு முனகிட்டுப் போச்சு, மஞ்சள் படகு கத்திட்டுப் போச்சு. கூட்டத்துல செருப்பு மாறிப்போன மாதிரி ரெண்டும் தடுமாறிட்டுப் போனதைப் பாத்தேன். கீழே குனிஞ்சு பாக்க வேண்டிய அவசியமே இல்ல.”

அண்ணிக்குக் காது சிவந்தது. “அப்ப நேத்தே ஏன் சொல்லலை?”

“சொல்ல வாயைத் திறந்தேன். மூடி பேசுதுன்னு சொல்லிட்டீங்க.”

உள்வாசலில் நின்ற மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சரி, விடுங்க,” என்றார் அவர். “நேத்து அத்தனை பேர் முன்னாடி, எடுத்தது நான் இல்ல, உங்க வீட்டுக்காரர்னு சொல்றேன்னு வைங்க. நீங்க நம்பியிருப்பீங்களா?”

அண்ணி யோசித்தாள். இந்த மாதிரி கேள்விக்கு ‘நம்பியிருப்பேன்’ என்று சொல்வது பெரிய காரியமே இல்லை. மாட்டிக்கொண்டவன் கையில் கிடைத்தவனை இழுக்கிறான் என்று ஒரு வசனம் தயாராகவே வந்திருக்கும் அவளுக்கு. அதற்கும் கைதட்டியிருப்பார்கள்.

“இல்ல,” என்றாள்.

மெக்கானிக் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். “அதான் பேசாம வந்துட்டேன்.”

“நான் என்ன செய்யணும்? வாங்க, துறைக்குப் போவோம். உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

“நான் வரலை. திரும்பவும் நாலு பேர் நடுவுல போய் நிக்கணுமா? என் பொண்ணு நேத்துலேருந்து தெருவுக்குப் போகலை மேடம். நீங்க போய் சொல்லுங்க. நேத்து யார் யார் கைதட்டினாங்களோ, அவங்ககிட்ட சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

வாசல் தாண்டி வந்ததும் அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. புடவைத் தலைப்பை எடுத்தாள். அதில் கிரீஸ். புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலை அண்ணி,” என்றான் லொடலொட. “வாழ்க்கையிலேயே முதல் தடவை.”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆளைக் கூப்பிட்டு நிறுத்து, அது போதும்.”

துறையில் நேற்றைய கூட்டம் இல்லை. திருடனைப் பிடித்துக் காட்டும்போது தானாகச் சேர்ந்த கூட்டம், தப்பாகப் பிடித்துவிட்டேன் என்று சொல்ல வரும்போது சேருமா? அவரவருக்கு அவரவர் வேலை. மஞ்சள் படகில் மட்டும் அவள் கணவர் குனிந்து புரொப்பல்லர் மாட்டிக்கொண்டிருந்தார். படகுக்காரர் அவர் தலைக்கு மேலே நின்று வண்டி வண்டியாகத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிரவே இல்லை.

“கொஞ்சம் நில்லுங்க,” என்று லொடலொட ஒவ்வொருவராக மறித்தான். குரல் கம்மிப்போயிருந்தது. “எங்க அண்ணன் ஒரு தப்பு பண்ணிட்டார். எங்க அண்ணி அதைச் சொல்ல வந்திருக்காங்க. ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போங்க.”

அண்ணி சொன்னாள். மெக்கானிக் போட்டது நிஜமான அறுபது ஹெச்.பி.தான் என்று சொன்னாள். பார்க்காமல் பேசியது தான் என்று சொன்னாள். எடுத்தது தன் கணவர் என்று சொன்னாள். ஒருவர் ‘அடப்பாவமே’ என்றார். இன்னொருவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். தள்ளுவண்டியில் எஞ்சினை ஏற்றிய இருவரும் கேட்டுவிட்டு, எஞ்சினை ஏற்கெனவே வேறு பட்டறையில் விட்டாச்சே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் ‘என் வீட்டுக்காரர்’ என்ற இடம் வரும்போது அவளுக்கு நாக்கு புரளவில்லை. ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

கடைசியாக டிக்கெட் கூண்டு. நேற்று எல்லாருக்கும் முன்னால் கைதட்ட ஆரம்பித்தது டிக்கெட் கிழிக்கும் இந்தப் பெண்தான். அண்ணி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் சொல்லி முடித்தாள். டிக்கெட்காரி நடுநடுவே சில்லறை கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“விடுங்க அண்ணி, ஆம்பளைங்க புத்தி,” என்றாள். “வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்க வேண்டியதுதானே. ஆனா ஒண்ணு, அந்த மெக்கானிக்கிட்ட நாம கொஞ்சம் ஜாக்கிரதையாத்தான் இருக்கணும்.”

“எதுக்கு? அவர் மேல ஒரு தப்பும் இல்லைன்னுதானே இவ்வளவு நேரமாச் சொல்றேன்?”

“இதுல இல்ல, சரி. இருந்தாலும் அவன் மூடியை மாத்தி ஏமாத்தற ஆளு. துறையில எல்லாரும் அப்படித்தான் பேசிக்கறாங்க.”

“யார் சொன்னா அப்படி?”

டிக்கெட்காரி அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

“நீங்கதான் அண்ணி சொன்னீங்க. நேத்து.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன தாமதம் என்று எட்டிப் பார்த்தார்கள். அண்ணி கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.